கொடுமுடித் தீர்த்தக் காவடிக் குழுக்களுக்கும், வழிநெடுகப் பந்தல் போடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள காவடிக் குழுப் பெரியவர்களே, பூசாரிகளே, மேளக்காரத் தம்பிகளே, நீர்மோர்ப் பந்தல் போடும் தோட்டத்துக்காரர்களே,

வணக்கமுங்க.

மாசி முடியப் போகிறது. பங்குனி பிறந்துவிட்டால் நம் ஊர்களில் வேறு பேச்சே இருக்காது. யார் யார் காவடி எடுக்கிறார்கள், ஜமாப்பு மேளத்துக்கு யாரைச் சொல்லியிருக்கிறது, டெம்போ யாருடையது, ராத்திரி தங்கல் எங்கே என்று இதே பேச்சுத்தான். கொடுமுடியில் காவேரியில் முழுகி, செம்பில் தீர்த்தம் எடுத்து வாய் கட்டி முத்திரித்து, முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் என்று நடந்து உத்திரத்துக்குப் பழனி போய்ச் சேருவது எங்கள் வீட்டில் பாட்டன் காலத்து வழக்கம். என் அப்பா நடந்தார். என் வீட்டுக்காரர் 26 வருடம் நடந்தார். நான் காவடி எடுத்ததில்லை. சமையல் டெம்போவில் பின்னாலேயே வருவேன். கிராமச் சுகாதாரச் செவிலியராக 31 வருடம் வேலை பார்த்தவள் என்பதால், கொப்புளத்துக்கு மருந்து போடுவதும் வீங்கின காலுக்குக் கட்டுப் போடுவதும் என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் நான் ஒரு முறை தவறினேன். அதனால்தான் இந்த மடல்.

எட்டு வருடத்துக்கு முன்னால், வெள்ளகோவில் தாண்டி, தாராபுரம் ரோட்டில். மத்தியானம் ஒரு மணி இருக்கும். அந்தப் பக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, மாடு மேய்கிற மேய்ச்சல் நிலம். பங்குனியில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். வெள்வேல மரத்தடியில் மாடுகள் படுத்திருக்கும். அந்த நிழலெல்லாம் வேலிக்கு உள்ளே. நடக்கிறவனுக்குத் தார் ரோடும் வெயிலும்தான்.

அந்தத் தம்பிக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வருடம் முழுக்க ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர், பையனுக்கு உடம்பு தேறியதற்காக வேண்டுதல் வைத்து முதல் தடவையாக நடக்கிறார். காலையில் இருந்தே தலைவலி என்று சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு மோர் கொடுத்தபோது, வேண்டாம், குமட்டுகிறது என்றாராம். பன்னிரண்டுக்கு மேல் அரோகரா சொல்வதை நிறுத்திவிட்டார். கூட நடந்த மகன் ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் கத்தினார். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். அப்புறம் திடீரென்று திரும்பி, வந்த வழியே வெள்ளகோவிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். காவடி தோளில் இருக்கிறது, கால் பின்னுகிறது, வாயில் என்னவோ முனகல்.

"சாமி வந்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள். மேளம் போய் அவரைச் சுற்றிக்கொண்டது. பம்பையை ஓங்கி அடித்தார்கள். திருநீறு பூசினார்கள். முப்பது பேர் வளைத்து நின்று கைகூப்பினோம். அவர் ரெண்டு சுற்றுச் சுற்றினார். அதை ஆட்டம் என்று நினைத்தோம். மூன்றாவது சுற்றில் விழுந்தார்.

நான் டெம்போவில் இருந்து இறங்கி ஓடிப் போய் நெஞ்சில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. ஆனால் மேலெல்லாம் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. வெயில் அடித்திருந்தால் வேர்வை நின்று தோல் காய்ந்திருக்குமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாயில் தண்ணீர் புகட்டப் பார்த்தேன், கடைவாயில் வழிந்தது. துண்டால் விசிறினேன். நாலு பேரைக் கூப்பிட்டு டெம்போவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விட்டோம். உத்திர நெரிசலில் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. அந்த ஐம்பது நிமிடமும் அவர் தலைமாட்டில், சமையலுக்கென்று 200 லிட்டர் நீல டிரம், நிறையத் தண்ணீரோடு நின்றது. வண்டி குலுங்குகிறபோது மூடி வழியாகச் சிந்தி என் சேலை நனைந்தது. அதில் ஒரு சொம்பு மொண்டு அவர் மேல் ஊற்ற எனக்குத் தோன்றவில்லை.

உயிர் பிழைத்தார். சிறுநீரகம் பாதித்து மூன்று வாரம் டயாலிசிஸ் ஓடியது, அது தேறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. அந்தச் சூடு சிறுமூளையைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். கணக்கு எழுதின கை, கையெழுத்துப் போடவே சிரமப்படுகிறது. அவர் வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க இருந்ததால உசுரோட வந்தாருங்க நர்ஸம்மா" என்கிறார். எனக்கு அந்த நீல டிரம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், டாக்டர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதில் முக்கியமானது ஒன்று. வெயிலில் நடந்து புத்தி தடுமாறி விழுகிறவருக்கு முதல் மருந்து தண்ணீர். அதுவும் குடிக்கக் கொடுக்கிற தண்ணீர் இல்லை, மேலே ஊற்றுகிற தண்ணீர். அதை விழுந்த இடத்திலேயே ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரி அதற்கு அடுத்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பு 37 டிகிரியில் இருக்கிறது. நடக்கும்போது சதை வேலை செய்வதால் உள்ளிருந்தே சூடு கிளம்பும். சாதாரண நாளில் அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போகும். காற்றே 35, 36 டிகிரிக்கு மேல் போய்விட்டால், அது உடம்புச் சூட்டை வாங்காது, திருப்பி உடம்புக்குச் சூடேற்றும். மிச்சமிருப்பது வேர்வை ஒன்றுதான். பங்குனிக் கடைசியில் ஈரோடும் கரூர் பரமத்தியும் எப்படிக் காய்கின்றன என்று தினமும் செய்தியில் வருகிறது. 2024 ஏப்ரலில் ஈரோடு பல நாள் 40 டிகிரியைத் தாண்டியது. அது நிழலில் அளக்கிற கணக்கு. வெறுங்காலில் நாம் மிதிக்கிற தார் ரோடு உச்சி வெயிலில் 60 டிகிரிக்கும் மேலே போகும். அதன் மேல் நடக்கிறோம், ஆடுகிறோம், தோளில் சுமக்கிறோம்.

உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெட ஆரம்பிக்கின்றன. எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடக்கிறோமோ அவ்வளவு சேதம். அரை மணி நேரத்துக்குள் சூட்டைக் கீழே இறக்கிவிட்டால் பெரும்பாலும் முழுசாகத் தேறி வந்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் வெக்கையில் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 18 வருடப் பந்தயங்களில் 274 பேர் இப்படி விழுந்தார்கள். அத்தனை பேரையும் பந்தயம் முடிகிற இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சரி, யாருக்கு அப்படிச் செய்வது, யாருக்கு வேண்டாம்? இதைக் குழுவில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வருவது வெப்பச் சோர்வு. தலை கிறுகிறுக்கும், தலைவலி வரும், குமட்டும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும், வேர்வை ஆறாக ஓடும், முகம் வெளுக்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். ஆனால் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வார். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து நடக்க விடுவது இவரைத்தான். விடாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, காலைத் தூக்கி ஒரு மூட்டை மேல் வைத்து, இடுப்புத் துணியைத் தளர்த்தி, ஈரத் துண்டால் மேலெல்லாம் துடைத்து விசிறுங்கள். உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணியில் தெளிந்துவிடுவார். தெளியவில்லை, வாந்தி நிற்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். தெளிந்தாலும் அன்றைக்கு அவர் நடை முடிந்தது. காவடியை வேறொருவர் வாங்கிக்கொள்ளட்டும். இவர் டெம்போவில் வரட்டும். அந்தத் தம்பிக்குக் காலை பத்து மணிக்கு இருந்தது இதுதான். அப்போதே படுக்க வைத்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த படி ஹீட் ஸ்ட்ரோக். இதைக் காட்டிக்கொடுப்பது புத்தி. சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், திசை மாறிய நடை, குடிகாரன் மாதிரித் தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெயிலில் சும்மா கிடக்கும் வயசானவர்களுக்குத்தான் பெரும்பாலும் தோல் காய்ந்திருக்கும். நடந்து, உழைத்து விழுகிறவருக்கு வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். தெர்மாமீட்டரையும் நம்பாதீர்கள். அக்குளிலும் நெற்றியிலும் வைத்தால் உள்சூட்டைக் குறைத்தே காட்டும். பக்கத்தில் போய் மூன்றே கேள்வி கேளுங்கள்: உங்க பேர் என்னங்க? இப்ப எந்த ஊர்ல இருக்கோம்? யாரோட வந்தீங்க? பதில் தடுமாறினால் காத்திருக்காதீர்கள்.

இங்கே ஒரு வார்த்தை. அருள் வருவதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கு வரும். மாரியம்மன் நோன்பில் அம்மா ஆடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அருள் வந்தவருக்கும் தலையோடு மஞ்சள் நீர் ஊற்றுவது நம் வழக்கம்தானே? பங்குனி உச்சி வெயிலில் ஒருவர் தன்னை மறந்து தள்ளாடினால், அருளா வெயிலா என்று அங்கே நின்று வழக்குப் பேச வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றுங்கள். அருளாக இருந்தால் அவருக்கு ஒரு குறையும் வராது. வெயிலாக இருந்தால் உயிர் தங்கும். மேளக்காரத் தம்பிகளே, உங்களைத்தான் மிகவும் கெஞ்சிக் கேட்கிறேன். எல்லோருக்கும் முன்னால் அந்த ஆளின் கண்ணைப் பார்க்கிறவர்கள் நீங்கள். கண் நிலைகுத்தியிருந்தால் அடியை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குக் குரல் கொடுங்கள். உங்கள் மேளம் நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

எப்படி ஊற்றுவது? சொம்பில் மொண்டு முகத்தில் தெளிப்பது போதாது. உடம்பு முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டும். தொட்டிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தொட்டி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. மஞ்சள் காயப்போடுகிற, தேங்காய்ப் பருப்புக் காயப்போடுகிற தார்ப்பாய்தான் அது.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் முத்தூர்ப் பக்கம் எங்கள் பந்தலில் நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றரை மணி. 22 வயதுப் பையன், முந்தின நாள்தான் காய்ச்சல் விட்டிருந்தது, யாரிடமும் சொல்லாமல் நடந்திருக்கிறான். பந்தலுக்கு வந்தவன் மோர் டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல், மெதுவாகத் தரையில் கவிழ்த்தான். "என்ன சாமி?" என்றேன். என்னைப் பார்த்து யாரோ ஒரு பெண் பேரைச் சொன்னான். அடுத்த நிமிடம் கால் மடங்கிவிட்டது. பந்தலுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை விரித்து நடுவில் படுக்க வைத்தோம். மூலைக்கு ரெண்டு பேராக எட்டுப் பேர் விளிம்பை இடுப்பளவு தூக்கிப் பிடிக்க, அது ஒரு தொட்டி ஆகிவிட்டது. போர் தண்ணீர் நான்கு குடம், அப்புறம் டிரம், அப்புறம் பக்கத்து ஜூஸ் கடையில் இருந்து ஓடி வாங்கி வந்த ஐஸ் கட்டிகள். தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார், மூக்கு வாய்க்குத் தண்ணீர் போகாமல். மற்றவர்கள் தூளி ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டினார்கள். தண்ணீர் அலம்பினால் சீக்கிரம் குளிரும். ஒருவர் 108க்குப் பேசினார். பதினைந்து நிமிடம் கழித்து அவனுக்கு நடுக்கம் எடுத்தது. கண்ணைத் திறந்து, "என் காவடி எங்கீங்க?" என்றான். அந்தத் தார்ப்பாயைப் பிடித்திருந்த எட்டுப் பேரில் ஒரு பெரியவர் அப்படியே அழுதுவிட்டார்.

நடுக்கம் வந்தாலோ பேச்சு நேரானாலோ நிறுத்திவிடலாம். அதற்குள் 108 வந்துவிட்டால் வண்டியிலும் ஈரத் துணியும் விசிறலும் தொடர வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும். ஈரலும் சிறுநீரகமும் கெட்டிருப்பது ரெண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

ஐஸ் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீர் போதும், போர் தண்ணீர் போதும். வெயிலில் நின்ற டேங்க் தண்ணீர் மட்டும் முதலில் சுடும், கொஞ்சம் திறந்து விட்டுவிட்டு ஊற்றுங்கள். தார்ப்பாய் இல்லையென்றால் ஹோஸை நேராக மேலே பிடித்துக்கொண்டு பலமாக விசிறுங்கள். மருந்து அடிக்கிற ஸ்பிரேயரை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஒரு பந்தலில் ஆசையாசையாக அதில் தண்ணீர் நிரப்பி நடக்கிறவர்கள் மேல் பன்னீர் மாதிரித் தெளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எத்தனை முறை கழுவினாலும் பூச்சிமருந்து உள்ளே தங்கியிருக்கும். அது வேண்டாம்.

சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்தப் பயம் தப்பு என்பதற்கு மேலே சொன்ன 274 பேர் சாட்சி. பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்குத்தான் பாரம். நினைவு தடுமாறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்புங்கள். சர்க்கரை நோயாளி விரதத்தோடு மாத்திரை போட்டிருந்தால் சர்க்கரை இறங்கியும் இப்படித் தடுமாறலாம், அவர் விழுங்குகிற நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். எதுவானாலும் நனைப்பதை நிறுத்த வேண்டாம்.

தோளில் இருக்கிற தீர்த்தத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று. பங்குனிச் சூட்டில் முருகனைக் குளிர்விக்கத்தான் காவேரியைச் சுமந்து போகிறோம். அந்தத் தண்ணீரை விழுந்து கிடக்கிற பக்தன் மேல் ஊற்றினால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேரும். இதை எங்கள் ஊர்ப் பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இனி, விழாமல் பார்த்துக்கொள்வது.

நேரத்தை மாற்றுங்கள். இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. தைப்பூசத்துக்கு நடப்பவர்கள் பனியில் நடக்கிறார்கள், அவர்களுக்கு மத்தியான நடை தாங்கும். நமக்குத் தாங்காது. விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி பத்தரைக்குள் படுத்துவிடுங்கள். நான்கு மணிக்கு மேல் எழுந்து ராத்திரி பத்து, பதினொன்று வரை நடங்கள். என் அப்பா காலத்தில் அப்படித்தான் நடந்தார்கள். உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நடக்கிற நாட்களில் சாயங்காலமே நிலா மேலே நிற்கும். ராத்திரி லாரிப் பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. காவடியின் பின்பக்கத்திலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, முன்னால் பின்னால் ஒரு ஆள் டார்ச்சோடு நடந்தால் அதைச் சமாளிக்கலாம். முன்னால் போய்விட்ட குழுவைப் பிடிக்க வேண்டும், மண்டபத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்று மத்தியானத்தில் ஓடுவதுதான் ஆட்களை விழவைக்கிறது.

வெயில் பழகாதவர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து ரெண்டு வாரம் ஆகும். காட்டு வேலை செய்கிறவருக்கு அது ஏற்கெனவே இருக்கும். கம்பெனியில், கடையில், ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு இருக்காது. மாலை போட்ட நாளில் இருந்தே தினம் ஒரு மணி நேரம் சாயங்கால வெயிலில் நடக்கச் சொல்லுங்கள், நாளாக ஆக நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். சமீபத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர், நேற்றுத் தலைசுற்றி உட்கார்ந்தவர், 60 தாண்டியவர் இவர்களுக்கெல்லாம் பக்கத்தில் துணைக்கு ஒரு ஆளைப் போடுங்கள். கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் வர வேண்டும்.

பிரஷருக்கு நீர் பிரிக்கிற மாத்திரை, மனநலத்துக்கான மாத்திரை, அரிப்புக்கான மாத்திரை சிலது உடம்பு சூட்டைத் தணிக்கிற வேலையைக் கெடுக்கும். தானாக நிறுத்தக் கூடாது. மாலை போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கைச் சமையல்காரரிடம் விடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்தால் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர் ஆகிறது. ஐந்து மணி நேர நடைக்குச் சுமாராக நான்கு லிட்டர். 60 பேர் குழுவுக்கு 240 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பன்னிரண்டு, ஒரு வேளை நடைக்கு மட்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம், வயசானவர்களுக்குத் தாகமே சரியாக எடுக்காது. அதற்காக வெறும் தண்ணீரை மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு இறங்கி ஆபத்து. மோரில் உப்பு நாக்குக்குத் தெரிய வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையில் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டுக் கரைத்த பானகமும் நல்லது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு குறைவு, கூட ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளுங்கள். ஒருபொழுது விரதம் இருப்பவர்கள் காலையில் கம்பஞ்சோற்றுக் கரைசலோ நீராகாரமோ குடித்துவிட்டு நடங்கள். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியத்தில் இருப்பவர்களுக்கு இந்த அளவெல்லாம் பொருந்தாது, அவர்கள் டாக்டர் சொன்ன அளவுதான்.

பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நான் எத்தனையோ பேரிடம் டம்ளரை நீட்டியிருக்கிறேன், உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. வழியில் ஒதுங்க இடமில்லை. ஆகவே பந்தல் போடுகிற தோட்டத்துக்காரர்களே, நூறு டம்ளர் மோரைவிட உங்கள் தோட்டத்துக் கக்கூஸ் கதவைத் திறந்து வைத்து, "பெண்களுக்கு" என்று ஒரு அட்டை எழுதி மாட்டுவது பெரிய புண்ணியம். தண்ணீரும் வாளியும் சோப்பும் வைத்தால் போதும்.

பந்தலைப் பற்றி இன்னொன்று. இப்போது நம் பந்தல்கள் எல்லாம் நிற்காமல் வாங்கிக்கொண்டு போகிற பந்தல்களாக இருக்கின்றன. ரோஸ்மில்க், மோர், தர்பூசணி, ஒரு மைக்செட். உங்கள் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒலிபெருக்கியை மத்தியானம் நிறுத்திவிட்டு, அந்தக் காசில் நாலு பாய் வாங்கிப் போடுங்கள். தகரத்துக்குப் பதிலாகத் தென்னங்கீற்று வேயுங்கள். வேப்பமரமோ புளியமரமோ இருக்கிற இடமாகப் பார்த்துப் பந்தல் போடுங்கள். ஆட்கள் படுக்கட்டும், ரெண்டு மணி நேரம் தூங்கட்டும். ஒரு தார்ப்பாய், ரெண்டு டிரம் தண்ணீர், ஐஸ் எங்கே கிடைக்கும் என்று எழுதின ஒரு சீட்டு, 108க்குச் சொல்ல உங்கள் இடத்தின் அடையாளம். இவ்வளவுதான் நான் கேட்பது.

ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்களுக்கும் பழனிக் கோயில் நிர்வாகத்துக்கும் இதன் நகலை அனுப்புகிறேன். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. அந்த அறிவிப்பை நன்றியோடு வரவேற்கிறேன். உத்திரத்துக்கு முந்தின வாரம் இந்த வழியில் நடமாடும் கழிப்பறைகளும், மத்தியானத்தில் தங்கப் பள்ளிக்கூடக் கட்டிடங்களும், 108 வண்டிகளில் ஐஸ் பெட்டியும் கொடுத்தால் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டிய வீடுகள் குறையும்.

இந்த வருடம் எங்கள் பந்தல் முத்தூர் தாண்டி அதே வேப்பமரத்தடியில்தான். பத்தரை மணிக்கு மேல் வருகிற குழுக்களை நான்கு மணி வரை போக விடமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தார்ப்பாயில் தண்ணீர் ஊற்றி ஆளைத் தாங்கிப் பிடிக்கப் பழகப் போகிறோம். குழுவுக்கு ஒருவராவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள். விளிம்பைப் பிடிக்க எட்டுப் பேர் வேண்டும். அந்தத் தம்பியின் மகன் இப்போது காலேஜில் படிக்கிறான், ஒரு மூலைக்கு அவன் பேர் கொடுத்துவிட்டான். இன்னும் ஏழு பேர் வாங்க.

இப்படிக்கு,
முத்தூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா